கிடைத்தது, நன்றி

அலுவலகத்தில் அவளுக்கு 'அரைத்தூக்கம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் மூன்றாம் மாடியில் ஐந்தே ஐந்து மேசைகள் போட்டிருக்கிற இடத்தில் முதுகுக்குப் பின்னால் என்று ஓர் இடம் ஏது? அவள் காதிலும் விழுந்தது. "முழுத்தூக்கம்னு வைக்காம விட்டாங்களே" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தாள். கோபப்படத் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வரும், அது வந்து சேர்வதற்குள் அவள் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாள்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காது கேட்கும் கருவி விற்கிற கடை, ஒரு நீச்சல்குளம், ஒரு நூலகம், படகுத்துறை என்று பத்திருபது இடங்களுக்காக அந்த அலுவலகம் மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. குளம் நாளைக்கு மூடியிருக்கும், நீங்கள் கேட்ட புத்தகம் வந்துவிட்டது, கருவிக்கு பேட்டரி மாற்ற வேண்டும் என்கிற மாதிரி மெயில்கள். எழுதுகிறவர் வேறு, படம் போடுகிறவர் வேறு. அந்த மெயில்கள் ஸ்பாம் என்கிற குப்பைக்கூடையில் போய் விழாமல் இன்பாக்ஸுக்குள் போகின்றனவா என்று பார்ப்பது இவள் வேலை. "அனுப்பறது யார் வேணாலும் அனுப்பலாம். வாசல் வரைக்கும் எல்லாம் போயிடும். உள்ள விடணுமே" என்பாள்.

வாசலில் நிற்கிற காவலாளி, அதாவது ஸ்பாமைப் பிரிக்கிற இயந்திரம், சாமானியப்பட்டவன் இல்லை. எதைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம். 'இலவசம்' என்று எழுதியிருந்தால் சந்தேகம். பெரிய படமாக ஒன்றைப் போட்டு, கூட ஒரு வார்த்தைகூட எழுதாமல் அனுப்பினால் சந்தேகம். அனுப்புகிற சர்வர் 'இதை அனுப்பியது நான்தான்' என்று கையெழுத்துப் போடாவிட்டால், பேச்சுக்கே இடமில்லை. ஆச்சரியக்குறி என்றால் அவனுக்கு ஆகவே ஆகாது. காதுக் கருவிக் கடை முதலாளி ஒருமுறை போனில் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அஞ்சு ஆச்சரியக்குறி போட்டா ஒண்ணுதான் வந்திருக்கு. மிச்சம் நாலு எங்க?"

"நான்தான் எடுத்தேன் சார். அவ்வளவு போட்டா ஸ்பாமுக்குப் போயிடும்."

"காது கேக்காதவங்களுக்கு அனுப்பறோம் மேடம். கொஞ்சம் சத்தமா சொன்னாத்தானே!"

படிப்பதற்குக் காது எதற்கு என்று கேட்க வாயெடுத்தவள், அவருடைய பெரிய மனதை நினைத்து இரண்டாவது குறி ஒன்றை மட்டும் சேர்த்துக்கொடுத்தாள்.

ஆனால் காவலாளி எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிப்பது ஒன்று உண்டு. உள்ளே விட்ட மெயிலை ஆட்கள் திறக்கிறார்களா? படிக்கிறார்களா? பதில் போடுகிறார்களா? யாருமே திறக்காத மெயிலை அனுப்புகிறவனை அவன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிடுவான். அதற்காக அவளிடம் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

ஆட்கள் என்று யாரும் கிடையாது, பன்னிரண்டு மெயில் பெட்டிகள்தான். வேறு வேறு மெயில் நிறுவனங்களில் அவளே திறந்துவைத்தவை. ஊருக்கெல்லாம் போகிற மெயில் முதலில் இந்தப் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் போகும். ஸ்பாமில் விழுந்திருந்தால் அவள் அதைத் தூக்கி இன்பாக்ஸில் போடுவாள், திறப்பாள், நட்சத்திரம் குத்துவாள், ஒருவரி பதில் அனுப்புவாள். 'ஓகோ, வேண்டியவர்கள்போல' என்று காவலாளி நினைத்துக்கொள்வான். இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டால், கொஞ்சம் ஏமாற்று வேலைதான். நீச்சல்குளம் மூடியிருப்பதைச் சொல்வதற்காகச் செய்கிற ஏமாற்று என்பதால் அவள் மனசாட்சி அதைக் கண்டும் காணாமல் விட்டிருந்தது.

பன்னிரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் ஒரே மாதிரி நடந்துகொண்டால் காவலாளி கண்டுபிடித்துவிடுவான். அதனால் பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு குணம் வேண்டும். கனவு காண்கிற பெண்ணிடம் போய் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? அவள் அவர்களோடு குடித்தனமே நடத்த ஆரம்பித்தாள். அவசரக்குடுக்கை வந்த நொடியில் திறந்து, மூன்றாவது வரியில் மூடிவிடுவான். சோம்பேறி இரண்டு நாள் கழித்துப் படுத்துக்கொண்டே கைபேசியில் பார்ப்பான். அதற்காகவே அவள் தன் கைபேசியில் பன்னிரண்டு பெட்டிகளையும் வைத்திருந்தாள். வாத்தியார் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிற நிபந்தனைகள்வரை படித்துவிட்டுத்தான் விடுவார். செம்பருத்திக்கு அவள் கொடுத்திருந்த குணம் மரியாதை. எந்த மெயில் வந்தாலும் பதில் போடாமல் விடமாட்டாள். 'கிடைத்தது, நன்றி.' அவ்வளவுதான் எழுதுவாள்.

செம்பருத்தி என்ற பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அழகான பெயர்களையெல்லாம் யார் யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். சும்மா 'செம்பருத்தி' என்று அடித்து, பக்கத்தில் ஓர் எண்ணையும் போட்டுப் பார்த்தாள். 'எடுத்துக்கொள்ளலாம்' என்று வந்தது. பல வருஷமாகத் திறக்காத பெட்டிகளை அந்த நிறுவனம் துடைத்துவிட்டு, பெயரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். அது அவளுக்குத் தெரியும்; அவள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. பூ கிடைத்த சந்தோஷத்தில் இருந்தாள்.

அவள் மனதில் செம்பருத்தி உயரமாக, ஒல்லியாக, நீண்ட பின்னலோடு இருந்தாள். மாடி வீட்டில் தனியாக இருந்தாள். ஜன்னலோரத்தில் நாற்காலி, மடியில் பூனை. மாலை நாலு மணி வெயிலில் மெதுவாக மெயில் படிப்பாள். அரைத்தூக்கம் வீட்டுக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே இல்லாத ஆட்களோடு பேசிப் பழகியவள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் செம்பருத்தியோடு அவளுக்குத் தனி ஒட்டுதல்.

அந்தத் தப்பு நடந்தது ஒரு மத்தியான வேளையில். எதிர்க் கட்டடத்து மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சட்டையின் கைக்குள் காற்று புகுந்து, யாரோ உள்ளே இருந்து கையை நீட்டுகிற மாதிரி இருந்தது. யாரைக் கூப்பிடுகிறது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. செம்பருத்தியின் ஸ்பாமில் கிடந்த எல்லாவற்றையும் தூக்கினாள், நட்சத்திரம் குத்தினாள், பதில் போட்டாள். நீச்சல்குளத்துக்குக் கிடைத்தது, நன்றி. படகுத்துறைக்குக் கிடைத்தது, நன்றி. நூலகத்துக்குக் கிடைத்தது, நன்றி. நடுவில் தலைப்பே இல்லாத, பெரிய படம் ஒன்று ஒட்டிய மெயிலுக்கும் கிடைத்தது, நன்றி.

சட்டையில் காற்று இறங்கியபோது பதிலுக்குப் பதில் வந்திருந்தது. நீச்சல்குளம் ஒருநாளும் பதிலுக்குப் பதில் போட்டதில்லை. திறந்தாள். ஒரே ஒரு சொல் இருந்தது.

'அக்கா?'

திரையில் கீழே போய் முதல் மெயிலைத் திறந்தாள். கப்பல் தளத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் பாதி வெயில். கீழே இரண்டே வரி: 'அக்கா, நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே.' கேள்விக்குறிகூடப் போடவில்லை. பதில் வரும் என்று எதிர்பார்க்காதவன் எழுதுகிற கேள்வி.

அவள் பதறிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. இது நீளமானது.

அவன் தூர்வாரும் கப்பலில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன். அம்மா போனபிறகு அவனை வளர்த்தது அக்காதான். அவன் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்காவுடைய குடும்பம் உடைந்துபோய், 'நாளைக்கு பஸ்ல வரேன்டா, கொஞ்ச நாள் உன்கூட இருக்கேன்' என்று போன் செய்தாள். வீட்டில் ஒரே அறை. புதுப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன், 'இப்போ வேணாம்க்கா' என்று சொல்லிவிட்டான். அக்கா 'சரி' என்றாள். அதோடு சரி. எட்டு வருஷம். அவள் போன் மாறிவிட்டது, இருந்த வீடு மாறிவிட்டது. அவனுடையதும் மாறிவிட்டது. கேட்டுச் சொல்ல வேறு சொந்தம் யாரும் இல்லை. அவளுடைய பழைய மெயிலுக்கு எப்போதாவது எழுதிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் 'அப்படி ஒரு முகவரி இல்லை' என்று திரும்பி வந்துவிடும். 'இந்தத் தடவை திரும்பி வரலக்கா. நீ பதில் வேற போட்டுட்டே. இங்க எல்லார்கிட்டயும் காட்டினேன்.'

அரைத்தூக்கத்துக்கு அன்றைக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. காய்கறிக்காரன்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான், மீதிச் சில்லறை கொடுக்கும்வரை. இந்த அக்கா அப்படிப்பட்ட அக்கா இல்லை. வாழ்நாளில் யாரும் அவளை இப்படிக் கூப்பிட்டதில்லை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு கணம் அவளுக்கு இனித்தது. அந்த ஒரு கணத்துக்காகத் தன்னையே அவள் பிறகு ரொம்பத் திட்டிக்கொண்டாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறைத் தொட்டியில் நின்று, சர்க்கரையும் எண்ணெயும் போட்டு விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுக் குழாயை மூடினார்.

"லிஃப்ட்டுல மாட்டினவங்ககிட்ட 'இதோ ரெண்டு நிமிஷம்'னு சொல்லவே கூடாது. மூணாவது நிமிஷத்துல கதவை உடைக்க ஆரம்பிச்சிடுவாங்க. 'நேரம் ஆகும், உக்காருங்க'ன்னு சொல்லிட்டா, உக்காந்துப்பாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையேங்க. கிடைச்சுது, நன்றின்னுதான்..."

"அதுதான் ரெண்டு நிமிஷம்."

மறுநாள் தன் சொந்த முகவரியிலிருந்து அவனுக்கு எழுதினாள். நான் இன்னார், உங்களுக்கு எழுதியது உங்கள் சகோதரி இல்லை, முக்கியமான விஷயம், தயவுசெய்து படியுங்கள், மன்னியுங்கள். பதில் இல்லை. செம்பருத்திக்கு மட்டும் தினமும் மெயில் வந்துகொண்டிருந்தது. கப்பல் சமையல்காரர் மகனுக்கு வேலை கிடைத்தது, கடலில் மழை பெய்தால் எப்படி இருக்கும், அக்கா தைத்துக்கொடுத்த பழைய சட்டை இன்னும் இருக்கிறது. அவள் தன் மெயிலை எடுத்துக் காவலாளியின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி, உங்கள் சகோதரியைப் பற்றி முக்கியமான செய்தி வைத்திருக்கிறாள், மன்னிக்கவும் வேண்டுமாம். அவளே அதை ஸ்பாமில்தான் போட்டிருப்பாள். ஊர் மெயிலையெல்லாம் உள்ளே அனுப்புகிறவளுடைய ஒரே உண்மை மெயில், ஏதோ ஒரு கப்பல் சர்வரின் குப்பைக்கூடையில் கிடந்தது. யாரிடம் சொல்லி அழ?

அவனிடம் போய்ச் சேரக்கூடிய முகவரி ஒன்றுதான். செம்பருத்தியின் பெட்டியிலிருந்தே எழுதினாள். முகவரி கைமாறிய கதையை ஆதியோடு அந்தமாக எழுதினாள். அதற்கு உடனே பதில் வந்தது.

'அக்கா நீ மாறவே இல்ல. என் சட்டையை நிலா எடுத்துட்டுப் போச்சுன்னு சொன்னவதானே நீ. எவ்வளவு வேணாலும் கதை விடு. திட்டவும் செய். நீ பேசறதே போதும்.'

தன் படத்தை எடுத்து அனுப்பினாள். 'யார் இந்த அம்மா, உன் ஸ்நேகிதியா?' என்று கேட்டான். என்ன செய்வது? கப்பலில் போன் எடுக்காது. மெயிலில் எது எழுதினாலும் அக்காவின் வாயிலிருந்து வந்ததாகவே அவன் எடுத்துக்கொண்டான். கடைசியில் ஒரு மெயில் வந்தது.

'மாசக் கடைசி நாள் கரைக்கு வரேன். உன்னை எங்கேயும் வந்து தொந்தரவு பண்ண மாட்டேன். அந்தப் பழைய பஸ் நிலையத்துல நிக்கறேன். அன்னைக்கு நீ வந்து இறங்கியிருக்க வேண்டிய இடம். காலைலேருந்து கடைசி பஸ் வரைக்கும் நிப்பேன். பஸ்ல வந்தா உனக்குக் குமட்டுமே, ஆரஞ்சு வாங்கி வெச்சிருப்பேன். வந்தா வா.'

வராத ஒருத்திக்காக அவன் நாள் முழுக்க நிற்கப்போகிறான். அவள் எழுதிய இரண்டு சொல்லை நம்பி நிற்கப்போகிறான்.

"போயிட்டு வா," என்றார் வீட்டுக்காரர். "நேர்ல போய்ச் சொன்னா நம்பித்தானே ஆகணும்."

எந்த ஊர் என்று அவன் முன்பே ஒரு மெயிலில் எழுதியிருந்தான், நாலு மணி நேரப் பயணம். போகும் வழியெல்லாம் அவள் வாய்க்குள் பேசிப் பார்த்துக்கொண்டாள். பஸ் உள்ளே திரும்பும்போதே அவனைக் கண்டுபிடித்துவிட்டாள். தேய்த்த சட்டை, புதுச் செருப்பு, கையில் காகிதப் பை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து, ஜன்னல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே கூட நடந்து வந்தான். அவள் இறங்கியபோது அவளைத் தாண்டி, பின்னால் இறங்குகிறவர்களைப் பார்த்தான். எல்லோரும் இறங்கி முடித்தபிறகுதான் அவள் முகத்துக்குத் திரும்பினான்.

"நீங்க... போட்டோவுல இருந்தீங்களே. அக்காவோட ஸ்நேகிதி. அவ வரலையா?"

நான்கு மணி நேரம் பேசிப் பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. லிஃப்ட்காரர் சொன்னது மட்டும் மிச்சம் இருந்தது.

"உக்காருங்க. நான் எழுதினதெல்லாம் நிஜம். உங்க அக்கா யாருன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பெட்டி இப்போ என்னோடது. 'கிடைத்தது, நன்றி'ன்னு எழுதினது நான்தான். நீங்க எழுதினதைப் படிக்கக்கூட இல்ல. பழக்கத்துல கை எழுதிடுச்சு."

அவன் அவள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லைவிடக் குரல்தான் அவனுக்கு உறைத்தது போலிருந்தது. முகம் மெதுவாக மாறியது. அவள் பார்க்க முடியாமல் அவன் செருப்பைப் பார்த்தாள். அதில் விலைச் சீட்டு ஒட்டியிருந்த இடம் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. இவ்வளவு வெட்கமாக அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது.

அவன் திட்டவில்லை. பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தான். பாதியைப் பிய்த்து அவளிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்க. நீங்களும் பஸ்ல வந்திருக்கீங்க இல்ல."

அவள் வாங்கிக்கொண்டாள். வாயில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு பஸ் வந்துபோயிற்று. பழக்கதோஷத்தில் அவன் இரண்டுக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றான். "அந்த முகவரி தன் கையை விட்டுப் போயிடுச்சுன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியலையே."

"சும்மா கேட்டேன். நீங்க கிளம்புங்கம்மா, தூரம் போகணும். நான் வந்தது வந்துட்டேன். கடைசி பஸ் வரைக்கும் நிக்கறேன்னு சொன்னேன், நின்னுட்டே போறேன்."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாயங்கால வெயில் மடியில் விழுந்து எழுந்து விழுந்தது. மரங்கள் போயின, ஒரு பெட்ரோல் நிலையம் போயிற்று, வயலில் தனியாக நின்ற ஒரு கதவு போயிற்று. சுவரில்லாத கதவு எதற்கு என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினாள். செம்பருத்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பூனை இருந்தது. இன்றைக்கு அவள் மெயில் படிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டாள் அரைத்தூக்கம். எனக்குத்தான் என்றாள் செம்பருத்தி.

விழித்துக்கொண்டாள். முகவரியைப் பறிகொடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? அவளுக்குத் தெரியாதா? இத்தனை வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். உள்ளே நுழைய முடியாது. புதிதாகத் திறக்கப் போனால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று வரும். அப்புறம் அந்த முகவரிக்கே எழுதிப் பார்ப்பார்கள்.

கைபேசியில் செம்பருத்தியின் பெட்டியைத் திறந்தாள். இன்பாக்ஸில் குளமும் படகும் பேட்டரியுமாக நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தது. அதில் எங்கே தேடுவது? அனுப்பியவை என்ற பக்கத்துக்குப் போனாள். மேலிருந்து கீழ்வரை கிடைத்தது நன்றி, கிடைத்தது நன்றி. குளத்துக்கு, நூலகத்துக்கு, காதுக் கருவிக் கடைக்கு. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். போன குளிர்காலத்துக்குப் போனபோது ஒன்று வந்தது. அது எந்தக் கடைக்கும் போனதில்லை, ஒரு ஆளுக்குப் போயிருந்தது. அதன் கீழே அந்த ஆள் எழுதியது இருந்தது.

'வணக்கம். இந்த முகவரி முன்பு என்னுடையது. நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், உங்கள்மேல் தப்பில்லை. ஒரே ஓர் உதவி. என் தம்பி எப்போதாவது இதற்கு எழுதலாம். எழுதினால் எனக்கு அனுப்பிவைப்பீர்களா? நானே அவனைத் தேடலாம். ஆனால் முதலில் எழுத வேண்டியது அவன். அதனால்தான் கேட்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும்.'

அதற்குமேல் அவளுடைய பதில்: 'கிடைத்தது, நன்றி.'

படிக்காமலே வாக்குக் கொடுத்திருக்கிறாள்! குளிர்காலத்திலிருந்து அந்தப் பெண் காத்துக்கொண்டிருக்கிறாள். அனுப்பி வைப்பார்கள் என்று நம்பி, அனுப்பாததால் தம்பி எழுதவில்லை என்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள். அரைத்தூக்கம் பஸ் என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து இருக்கைக்காரர் தன் பையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

அவளுடைய தொழிலில் இத்தனை வருஷம் கற்ற எல்லாம் அந்த ஒரு மெயிலுக்குத் தேவைப்பட்டது. புதிதாக எழுதினால் ஸ்பாம். அந்த அக்கா அனுப்பிய மெயிலுக்கே பதிலாக எழுதினால் காவலாளி 'ஏற்கெனவே பேசிக்கொள்கிறவர்கள்' என்று விட்டுவிடுவான். படம் எதையும் ஒட்டக்கூடாது. முக்கியம் என்று எழுதக்கூடாது. அவசரம் என்று எழுதக்கூடாது. ஆச்சரியக்குறி கூடவே கூடாது. இயந்திரக் காவலாளியைத் தாண்டினாலும் உள்ளே இன்னொரு காவலாளி உட்கார்ந்திருப்பாள். உங்கள் தம்பி தேடுகிறார் என்று ஊர்பேர் தெரியாதவர்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? அக்காவும் தம்பியும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று வேண்டும். மடியில் அந்தப் பாதி ஆரஞ்சு இன்னும் இருந்தது.

'உங்கள் தம்பி எழுதினார். எனக்குத் தெரியாமல் போய்விட்டது, தப்பு என்னுடையது. இன்று கடைசி பஸ் வரை பழைய பஸ் நிலையத்தில் நிற்கிறார். அன்றைக்கு நீங்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய இடம் என்றார். பஸ்ஸில் வந்தால் உங்களுக்குக் குமட்டும் என்று ஆரஞ்சு வாங்கி வைத்திருக்கிறார்.'

கீழே அவன் எழுதியதையெல்லாம் வார்த்தை மாறாமல் சேர்த்தாள். அனுப்பினாள்.

அவனுக்குச் சொல்லவில்லை. கையை உடம்புக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அந்த அக்கா எந்த ஊரில் இருக்கிறாளோ, மெயிலை இன்றைக்குப் பார்ப்பாளோ மாட்டாளோ, பார்த்தாலும் கோபம் ஆறியிருக்கிறதோ என்னவோ. இன்னொரு தடவை அவனிடம் இரண்டு நிமிஷம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை. மிச்சம் அக்கா தம்பி சமாச்சாரம். அவள் ஆரஞ்சைச் சாப்பிட்டாள். வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

"போய்ச் சேர்ந்துதா?" என்று கேட்டார் வீட்டுக்காரர், கதவைத் திறந்ததும்.

"தெரியலைங்க," என்றாள். எந்த மெயிலைப் பற்றியும் அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் வழக்கம்போல் பன்னிரண்டு பேரையும் திறந்தாள். வழக்கம்போல் இல்லை, ஒவ்வொரு மெயிலையும் படித்துவிட்டுத்தான் தூக்கினாள். நீச்சல்குளத்தின் தண்ணீர் சூடாக்கப்படும் என்பதை அக்கறையோடு படித்தாள். "இன்னைக்கு என்ன, அரை மணி நேரத்துக்கு மேல ஆகுது" என்று அலுவலக முதலாளியின் மேசையிலிருந்து குரல் வந்தது. கடைசியாகச் செம்பருத்தியிடம் போனாள். ஸ்பாமில் தலைப்பே இல்லாத மெயில் ஒன்று கிடந்தது. பெரிய படம், கூட ஒரு வார்த்தையும் இல்லை. திருந்தவே மாட்டான்.

திறந்தாள். பஸ் நிலையத்து பெஞ்சு. விளக்கு போட்டுவிட்டார்கள். கையை நீட்டித் தானே எடுத்ததால் அவன் முகம் பாதிதான் விழுந்திருந்தது. மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. பக்கத்தில் குள்ளமாக, குண்டாக, தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது, வாய் நிறைய ஆரஞ்சு. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை. கண்ணை வேறு மூடிவிட்டாள். மடியில் தோல் சிதறிக் கிடந்தது. அரைத்தூக்கம் கனவு கண்டவளுக்கும் இவளுக்கும் துளிகூடச் சம்பந்தமில்லை.

எதிர் மாடியில் இன்றைக்குத் துணி எதுவும் காயவில்லை. அவள் அந்தப் படத்தை ஸ்பாமிலிருந்து தூக்கி இன்பாக்ஸில் வைத்தாள். நட்சத்திரம் குத்தினாள். செம்பருத்தி எந்த மெயிலுக்கும் பதில் போடாமல் விடமாட்டாள்.

'கிடைத்தது, நன்றி' என்று அடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்த்தாள்.